விபத்தில் காயமடைந்தவருக்கு எவ்வளவு இழப்பீடு? கணக்குப் போடும் முறை, படிப்படியாக

"எவ்வளவு வரும்?" விபத்து நடந்த வீட்டில் மூன்றாம் நாளே இந்தக் கேள்வி வந்துவிடும். கால் முறிந்தால் ஐந்து லட்சம் என்பார் ஒருவர், பத்து லட்சத்துக்குக் குறையாது என்பார் இன்னொருவர். இரண்டும் வாய்க்கு வந்த எண்கள். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் தொகையைத் தலைப்பு தலைப்பாகக் கூட்டித்தான் போடுகிறது. ஒவ்வொரு தலைப்புக்கும் தனி ஆதாரம் கேட்கிறது.

என் தம்பியின் வழக்கை முதல் நாளிலிருந்து தீர்ப்பு வரை நான்தான் கவனித்துக்கொண்டேன். அப்புறம் உறவு, நட்பு என்று ஏழெட்டுப் பேருக்குக் காகிதங்களை அடுக்கிக் கொடுத்திருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. வழக்கை வக்கீல்தான் நடத்த வேண்டும். ஆனால் அவர் கையில் நாம் எதைக் கொடுக்கிறோமோ அதை வைத்துத்தான் அவர் பேச முடியும். எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான்: தொகையை முதலில் கேட்கிறார்கள், ஆதாரத்தைக் கடைசியில் தேடுகிறார்கள். காயம் எவ்வளவு பெரியது என்பதோடு கணக்கு முடிவதில்லை. அந்தக் காயம் அந்த மனிதரின் பிழைப்பிலிருந்து எதைப் பிடுங்கிக்கொண்டது, அதைக் காகிதத்தில் காட்ட முடிகிறதா என்பதில்தான் பெரும்பகுதித் தொகை இருக்கிறது.

தொடங்கும் முன் ஒரு கெட்டியான ஃபைல் வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவம், காவல்துறை, வருமானம், வயது, செலவு என்று ஐந்து பிரிவாகப் பிரித்து வையுங்கள். கீழே சொல்லும் வரிசையிலேயே போங்கள். முன்படி தவறினால் பின்படியில் சரிசெய்வது கடினம்.

1. மருத்துவமனைப் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்

அவசரப் பிரிவில் சேர்க்கும்போதே விபத்துப் பதிவேட்டில் ஒரு பதிவு போடுவார்கள். ஏ.ஆர். காப்பி என்று சொல்வது இதைத்தான். யார் கொண்டுவந்தார், எத்தனை மணிக்கு, எந்த வாகனம், எப்படி அடிபட்டது என்று நாலைந்து வரிதான் இருக்கும். வழக்கில் முதலில் பிரித்துப் படிக்கப்படும் காகிதம் அதுவே.

என் தம்பி நினைவில்லாமல் கிடந்தான். சாலையில் போன ஒரு நல்ல மனிதர் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தார். "என்ன ஆச்சு?" என்று கேட்டதற்கு, "பைக்ல இருந்து விழுந்துட்டாருங்க" என்று சொல்லியிருக்கிறார். அவர் பார்த்தது அதுதான். பதிவேட்டில் "இருசக்கர வாகனத்திலிருந்து தானாக விழுந்ததாக" என்று ஏறிவிட்டது. பின்னால் வந்து இடித்த கார் அந்த வரியில் இல்லை. குறுக்கு விசாரணையில் இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் அந்தத் தாளைத்தான் தூக்கிப் பிடித்தார். கடைசியில் அந்த ஆட்டோ மனிதரையே தேடிப் பிடித்துச் சாட்சி சொல்ல வைத்தோம். அதற்குள் பல வாய்தாக்கள் ஓடிவிட்டன.

அதனால் நினைவு திரும்பிய அன்றே, அல்லது குடும்பத்தில் யாராவது வந்து சேர்ந்த அன்றே, அந்தப் பதிவைக் கேட்டுப் பாருங்கள். தவறு இருந்தால் சிகிச்சை தரும் மருத்துவரிடம் சொல்லுங்கள். நோயாளி சொல்லும் விவரம் கேஸ் ஷீட்டிலும் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் சரியாக ஏறட்டும். காவல்துறைக்குத் தரும் வாக்குமூலத்தில், முதல் பதிவு யார் சொல்லி எழுதப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டில் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசமாக நடக்கும்போது கையில் பில் இருக்காது. பில் இல்லை என்பதற்காகச் சிகிச்சை நடந்ததற்கே ஆதாரம் இல்லாமல் போய்விடக்கூடாது. டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

2. காவல் நிலையக் காகிதங்களைச் சேருங்கள்

தவறு யாருடையது என்பது நிலைக்காவிட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவில் போடும் மனு நிற்காது. முதல் தகவல் அறிக்கை, இடத்தின் மாதிரி வரைபடம், பார்வை மகஜர், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, காயச் சான்றிதழ், கடைசியில் குற்றப்பத்திரிகை. இவ்வளவும் வேண்டும்.

எஃப்.ஐ.ஆர். கிடைத்தவுடன் வாகன எண்ணை எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். ஓர் எண் மாறினால் வேறு யாருடைய இன்சூரன்ஸ் கம்பெனியோ எதிர்மனுதாரராகி நிற்கும். மாதிரி வரைபடத்தில் உங்கள் வண்டி சாலையின் எந்தப் பக்கம் இருந்ததாகக் காட்டியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். பத்தாம் படியில் வரும் கழிவு அந்தப் படத்திலிருந்துதான் கிளம்பும்.

புகார் தாமதமானால் வழக்கே போய்விடும் என்று பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. அடிபட்டவரின் உயிரைக் காப்பாற்றத்தான் குடும்பம் முதலில் ஓடும் என்பதை உச்ச நீதிமன்றம் 2011இல் ரவி எதிர் பத்ரிநாராயண் வழக்கில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் தாமதத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும். சிகிச்சைத் தேதிகள் அந்தக் காரணத்தைத் தாங்க வேண்டும்.

2022 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி காவல்துறை 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையும், 90 நாளில் விரிவான விபத்து அறிக்கையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த விரிவான அறிக்கையின் நகல் உங்களுக்கும் வர வேண்டியது. வரவில்லையென்றால் கேளுங்கள்.

3. எந்தப் பிரிவு, எந்த பாலிசி என்று முடிவு செய்யுங்கள்

மோட்டார் வாகனச் சட்டம் 1988இல் மூன்று வழிகள் இருக்கின்றன. 166ஆம் பிரிவில் எதிர்த்தரப்பின் கவனக்குறைவைக் காட்ட வேண்டும், தொகைக்கு உச்சவரம்பு இல்லை. 164ஆம் பிரிவில் யார் தவறு என்று காட்ட வேண்டியதில்லை, கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய், அவ்வளவுதான். இடித்த வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் 161ஆம் பிரிவின் கீழ் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 164ஆம் பிரிவுத் தொகையை ஏற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டால் 166ஆம் பிரிவு மனு காலாவதியாகிவிடும். கைச்செலவுக்கு உடனே பணம் வருகிறதே என்று அவசரத்தில் போடும் கையெழுத்து, பின்னால் இருபது லட்சத்துக்குப் போக வேண்டிய கதவைச் சாத்திவிடும்.

2019 திருத்தம் 2022 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தபோது, விபத்து நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்ற கெடுவும் வந்தது. ஊனச் சான்றிதழ் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மனுவைப் போட்டுவிட்டுச் சான்றிதழைப் பிறகு தாக்கல் செய்யலாம். விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்றும் இல்லை. நீங்கள் குடியிருக்கும் இடத்துத் தீர்ப்பாயத்திலும் போடலாம்.

பாலிசி விஷயம்: எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் இன்சூரன்ஸ் எதுவரை செல்லும் என்று தெரியும். நீங்கள் எதிரே வந்த வண்டியின் மீது கேட்கிறீர்களா, நீங்கள் உட்கார்ந்து வந்த வண்டியின் மீது கேட்கிறீர்களா என்பது முக்கியம். தனியார் காரில் உடன் வந்தவருக்கும் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தவருக்கும், அந்த வண்டிக்கு வெறும் தர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பேற்காது. முழு பாலிசி இருந்தால் ஏற்கும்.

4. செலவுக் காகிதங்களை உடனே நகலெடுங்கள்

மருந்துக்கடை பில் பெரும்பாலும் வெப்பத்தில் அச்சாகும் வழவழப்பான தாள். ஒரு வெயில் காலம் போனால் எழுத்து மங்கும், இரண்டாம் ஆண்டில் வெள்ளைத் தாளாகிவிடும். தம்பியின் பில்களில் பதினேழு அப்படிப் போயின. வாங்கிய அன்றே நகலெடுத்து, நகலின் மேல் அசலைப் பின் அடித்து வையுங்கள்.

ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு மருத்துவர் சீட்டு வேண்டும். சீட்டில் இல்லாத மருந்தின் பில்லை எதிர்த்தரப்பு எளிதாகத் தள்ளிவிடும். மெடிக்ளெய்ம் எடுத்திருந்தால் அசல் பில்கள் அந்தக் கம்பெனிக்குப் போய்விடும். அனுப்பும் முன் நகல் எடுத்து, அசல் தங்களிடம் இருப்பதாக அவர்களிடமிருந்து ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள்.

போக்குவரத்து, சத்தான உணவு, உடனிருந்து பார்த்துக்கொண்டவருக்கான செலவு ஆகியவை தனித் தலைப்புகள். மனைவியோ அம்மாவோ பார்த்துக்கொண்டார், சம்பளம் கொடுக்கவில்லை என்பதற்காக உதவியாளர் செலவைக் கேட்காமல் விடாதீர்கள். எத்தனை நாள் எழுந்திருக்க முடியாமல் இருந்தார் என்று மருத்துவக் காகிதம் சொன்னால் போதும்.

வாழ்நாள் முழுக்கத் துணை தேவைப்படும் காயம் என்றால் கணக்கே வேறு. 2020இல் காஜல் எதிர் ஜக்தீஷ் சந்த் வழக்கில், மூளைக் காயத்தால் முழுக்க முடங்கிய 12 வயதுச் சிறுமிக்கு இரண்டு உதவியாளர் என்று வைத்து, மாதம் 10,000 ரூபாயை 12ஆலும் 18ஆலும் பெருக்கி 21,60,000 ரூபாயை உதவியாளர் செலவுக்கு மட்டும் உச்ச நீதிமன்றம் கொடுத்தது. இப்படிப்பட்ட காயத்தில் மொத்தமாக ஒரு லட்சம் என்று கேட்டு நிற்பவர்களைப் பார்க்கும்போது மனசு கனக்கிறது.

எதிர்கால மருத்துவச் செலவுக்கு மருத்துவரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். பிளேட்டும் ஸ்க்ரூவும் உள்ளே இருந்தால் எடுக்க ஓர் அறுவைச் சிகிச்சை ஆகும். அதை இப்போதே கேட்காவிட்டால் பிறகு கேட்க வழி இல்லை.

5. வயதை ஒரே காகிதத்தில் நிறுத்துங்கள்

வயது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் அது இரண்டு இடத்தில் பெருக்கலை மாற்றுகிறது. ஆண்டு வருமானத்தை எத்தனையால் பெருக்குவது என்ற எண்தான் பெருக்கி. 35 என்றால் பெருக்கி 16, 36 என்றால் 15. நாற்பதைத் தொட்டால், அடுத்த படியில் வரும் வருமான வளர்ச்சிச் சதவீதமும் இறங்கும். கணக்கில் வருவது விபத்து நடந்த நாளில் இருந்த வயது, மனுப் போட்ட நாளின் வயது அல்ல.

ஆதாரில் ஒரு தேதியும் பள்ளி மாற்றுச் சான்றிதழில் வேறு தேதியும் இருப்பது நம்மிடம் சகஜம். ஆதார் அடையாளத்துக்குத்தான், பிறந்த தேதிக்கு ஆதாரமல்ல என்று 2024இல் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் சொல்லி, பள்ளிச் சான்றிதழையே எடுத்துக்கொண்டது. பள்ளிச் சான்றிதழைத் தேடி எடுங்கள்.

6. வருமானத்தைக் காட்டுங்கள்

மாதச் சம்பளக்காரருக்குச் சிக்கல் குறைவு. சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, படிவம் 16, முதலாளி தரும் விடுப்புச் சான்றிதழ் போதும். சிகிச்சைக் காலத்தில் சம்பளம் இல்லா விடுப்பு எத்தனை நாள் என்று அந்தச் சான்றிதழ் தெளிவாகச் சொல்ல வேண்டும். சொந்த விடுப்பை எடுத்துத் தீர்த்திருந்தால் அதுவும் இழப்புதான், அதையும் எழுதி வாங்குங்கள்.

சொந்தத் தொழிலும் தினக்கூலியும்தான் கஷ்டம். "மாசம் முப்பதாயிரம் சம்பாதிச்சேன்" என்று வாயால் சொன்னால், தீர்ப்பாயம் தன் அனுபவத்தில் ஒரு தொகையை வைத்துக்கொள்ளும். அந்தத் தொகை எப்போதும் உண்மையைவிடக் கீழேதான் இருக்கும். இருந்தாலும் காகிதமே இல்லாதவருக்கு வழி அடைபட்டுவிடவில்லை. 2014இல் சையது சாதிக் வழக்கில், காலை இழந்த காய்கறி வியாபாரி ஒருவருக்கு எந்த ஆவணமும் இல்லாத நிலையிலும் மாதம் 6,500 ரூபாய் வருமானம் என்று உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. காய்கறி விற்பவரிடம் ரசீது கேட்பது நடைமுறைக்கு ஒத்துவராது என்பதே அதற்குப் பின்னால் இருந்த நியாயம்.

ஆனால் தேடினால் ஏதாவது கிடைக்கும். ஜிபே, போன்பே வழியாக வந்த பணம் வங்கிக் கணக்கில் வரிவரியாக இருக்கும். நல வாரிய அட்டை, ஓட்டுநர் பேட்ஜ், கடை உரிமம், மொத்த வியாபாரியிடம் சரக்கு எடுத்த பில், சீட்டுக் கட்டிய புத்தகம், வண்டிக் கடன் தவணை எல்லாம் சேர்ந்து ஒரு வருமானத்தைக் காட்டும். வருமான வரிக் கணக்கை விபத்துக்குப் பிறகு புதிதாகத் தாக்கல் செய்யாதீர்கள். தேதியைப் பார்த்ததும் அதன் மதிப்பு போய்விடும், மற்ற ஆதாரங்கள் மீதும் சந்தேகம் விழும்.

இல்லத்தரசிக்கு வருமானம் இல்லை என்று மனுவில் பூஜ்ஜியம் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வீட்டு வேலைக்குப் பண மதிப்பு உண்டு என்பதைக் கீர்த்தி வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம் அழுத்தமாகச் சொல்லியிருக்கிறது.

வருமானம் முடிவானதும் அதன் மேல் எதிர்கால வளர்ச்சி ஏறும். 2017 அக்டோபர் 31இல் வந்த பிரணய் சேத்தி தீர்ப்பின் அளவு இது. நிரந்தர வேலையில் இருப்பவருக்கு 40 வயதுக்குக் கீழ் 50 சதவீதம், 40 முதல் 50 வரை 30, 50 முதல் 60 வரை 15. சொந்தத் தொழில் செய்பவருக்கும் ஏற்றமில்லாத ஒரே சம்பளம் வாங்குபவருக்கும் முறையே 40, 25, 10 சதவீதம். இறப்பு வழக்கில் வந்த தீர்ப்பு என்பதால் காய வழக்குக்குப் பொருந்தாது என்று எதிர்த்தரப்பு சொல்லிப் பார்க்கும். பொருந்தும் என்று பப்பு தேவ் யாதவ் வழக்கில் 2020இல் முடிவாகிவிட்டது.

7. ஊனச் சதவீதம்: மூன்று எண்களையும் பிரித்துப் பாருங்கள்

வழிகாட்டியில் இந்தப் படியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். சதவீதம் என்று மூன்று வெவ்வேறு எண்கள் சுற்றும். முதலாவது, அடிபட்ட உறுப்பின் ஊனம். இரண்டாவது, முழு உடலுக்கான ஊனம். மூன்றாவது, செயல்பாட்டு ஊனம், அதாவது சம்பாதிக்கும் திறனில் போன பங்கு. இழப்பீடு மூன்றாவது எண்ணில்தான் நிற்கிறது.

2010இல் உச்ச நீதிமன்றத்தின் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் தீர்ப்பு இதைப் பாடம் போல விளக்கியது. இடது கையை இழந்தவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் சம்பாதிக்கும் திறன் கிட்டத்தட்ட முழுதும் போயிற்று. அவரே அரசு அலுவலக எழுத்தராக இருந்தால் வேலை போகாமலே இருக்கலாம். கை ஒன்றுதான், சான்றிதழில் எண்ணும் ஒன்றுதான், தொகை மட்டும் எங்கேயோ போய்விடுகிறது.

நான் காகிதம் சேர்த்துக் கொடுத்த ஒரு தையற்காரருக்கு வலது கணுக்கால் நொறுங்கியிருந்தது. சான்றிதழில் வலது காலுக்கு 45 சதவீதம், முழு உடலுக்கு 20 சதவீதம். "தையல் கைவேலைதானே, உட்கார்ந்து செய்வதுதானே" என்று எதிர்த்தரப்பு கேட்டது. அவருடைய கடையில் உட்கார்ந்து பார்த்தால்தான் பதில் தெரியும். மோட்டார் வைத்த மெஷினாக இருந்தாலும் பெடலை வலது பாதத்தின் முன்பகுதியால் அழுத்தி அழுத்தி விட வேண்டும். காலர் வளைவில் மெதுவாக, நேர்த்தையலில் வேகமாக. கணுக்கால் மடங்காதபோது இடுப்பிலிருந்து முழுக்காலையும் தூக்கி அழுத்தினார். ஒரு மணி நேரத்தில் எழுந்துவிட்டார். ஒரு நாளைக்கு ஆறு சட்டை தைத்தவர் மூன்றோடு நிறுத்திக்கொண்டார்.

இதை மருத்துவர் வாயால் சொல்ல வேண்டும். கணுக்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது, பெடல் மிதிக்கும் தொழிலுக்கு அது எப்படித் தடையாகும் என்று வக்கீல் கேட்டு, மருத்துவர் பதில் சொல்லி, அது சாட்சியத்தில் பதிவானது. தீர்ப்பாயம் செயல்பாட்டு ஊனத்தை 30 சதவீதமாக எடுத்துக்கொண்டது.

சான்றிதழை எப்போது வாங்குவது? எலும்பு கூடி, பிசியோதெரபி முடிந்து, இதற்கு மேல் பெரிதாக மாறாது என்ற நிலை வந்த பிறகு. சீக்கிரம் வாங்கினால் "இது தற்காலிகம்" என்று சொல்லிவிடுவார்கள். யாரிடம் வாங்குவது? சிகிச்சை தந்த மருத்துவரிடம், அல்லது தீர்ப்பாயம் அனுப்பும் மெடிக்கல் போர்டில். பணம் கொடுத்தால் கேட்ட சதவீதம் எழுதித் தரும் ஆட்களிடம் போகாதீர்கள். சிகிச்சையே தராமல் தாராளமாகச் சான்றிதழ் தருபவர்களிடம் எச்சரிக்கையாக இருக்கும்படி ராஜ்குமார் தீர்ப்பே தீர்ப்பாயங்களுக்குச் சொல்லியிருக்கிறது. சான்றிதழைத் தாக்கல் செய்வதோடும் வேலை முடியவில்லை. அதை எழுதிய மருத்துவர் குறுக்கு விசாரணைக்கு வராவிட்டால் அது வெறும் தாள். மெடிக்கல் போர்டு தந்த சான்றிதழை மருத்துவரை அழைக்காமலே ஏற்பதுண்டு, தனி மருத்துவருக்கு அந்தச் சலுகையை எதிர்பார்க்காதீர்கள்.

8. பெருக்கி முறையா, சதவீத முறையா

நிரந்தர ஊனத்தால் சம்பாத்தியம் குறைந்தது என்று நிறுவிவிட்டால் பெருக்கி முறை. குறையவில்லை என்றால், நம் தீர்ப்பாயங்கள் ஊனத்தின் ஒவ்வொரு சதவீதத்துக்கும் சில ஆயிரம் ரூபாய் என்று மொத்தமாகப் போட்டுவிடும். பழைய சம்பளத்திலேயே அதே வேலையில் தொடர்பவருக்கு இரண்டாவது முறைதான் பெரும்பாலும் கிடைக்கும்.

பெருக்கிகள் 2009இல் சரளா வர்மா தீர்ப்பில் நிலைநிறுத்தப்பட்டவை:

15 முதல் 25 வயது வரை: 18
26 முதல் 30: 17
31 முதல் 35: 16
36 முதல் 40: 15
41 முதல் 45: 14
46 முதல் 50: 13
51 முதல் 55: 11
56 முதல் 60: 9
61 முதல் 65: 7
65க்கு மேல்: 5

இப்போது தையற்காரர் கணக்கு. எண்களைக் கொஞ்சம் எளிமையாக்கியிருக்கிறேன். வயது 34. மாத வருமானம் 18,000. சொந்தத் தொழில், நாற்பதுக்குக் கீழ், ஆகவே 40 சதவீதம் கூட்டினால் 25,200. ஆண்டுக்கு 3,02,400. பெருக்கி 16 போட்டால் 48,38,400. இதில் செயல்பாட்டு ஊனம் 30 சதவீதம்: 14,51,520 ரூபாய்.

முழு உடல் ஊனம் 20 சதவீதத்தோடு நின்றிருந்தால் 9,67,680. ஊனம் 30 சதவீதமாகவே இருந்து, வருமான ஆதாரம் இல்லாமல் மாதம் 12,000 என்று வைத்திருந்தாலும் அதே 9,67,680தான். சதவீத முறைக்குத் தள்ளி, ஒரு சதவீதத்துக்கு 5,000 என்று போட்டிருந்தால் 1,50,000. ஒரே கணுக்கால்தான்.

இறப்பு வழக்கில் சொந்தச் செலவுக்கென்று மூன்றில் ஒரு பங்கு போல ஒரு பகுதியைக் கழிப்பார்கள். காய வழக்கில் அந்தக் கழிவு கிடையாது, ஏனென்றால் அடிபட்டவர் உயிரோடு இருக்கிறார், சாப்பிட வேண்டும். இதைத் தவறாகக் கழித்த கணக்கை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் தீர்ப்பில் இந்த வரியை மறக்காமல் சரிபாருங்கள்.

9. வலி, வாழ்க்கை வசதி இழப்பு

இவற்றுக்குச் சூத்திரம் இல்லை. எத்தனை அறுவைச் சிகிச்சை, எத்தனை நாள் உள்நோயாளி, என்னென்ன செய்ய முடியாமல் போனது என்று பார்த்து மொத்தத் தொகையாகப் போடுவார்கள். திருமணமாகாதவருக்குத் திருமண வாய்ப்பு பாதித்ததும் இதில் வரும். "மிகுந்த மன உளைச்சல்" என்று எழுதினால் எடுபடாது. தரையில் சம்மணம் போட முடியவில்லை, குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற முடியவில்லை என்று எழுதுங்கள்.

சம்பாத்திய இழப்பு பெரிய சதவீதத்தில் கொடுக்கப்பட்டால் வசதி இழப்புத் தலைப்பில் கொஞ்சமாகத்தான் வரும். ஒரே இழப்புக்கு இரண்டு முறை தரக்கூடாது என்பதுதான் காரணம்.

10. உங்கள் பக்கத் தவறுக்கான கழிவு

இரு பக்கமும் தவறு என்றால் உங்கள் பங்குச் சதவீதம் மொத்தத்திலிருந்து கழியும். ஆனால் ஹெல்மெட் இல்லை, லைசென்ஸ் இல்லை, மூன்று பேர் போனார்கள் என்று பட்டியல் போட்டு எதிர்த்தரப்பு கழிக்கச் சொன்னால் உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த மீறலுக்கும் விபத்துக்கோ காயத்துக்கோ தொடர்பு இருக்க வேண்டும். பைக்கில் மூன்று பேர் போனார்கள் என்பது மட்டுமே பங்களிப்புக் கவனக்குறைவு ஆகாது என்று முகமது சித்திக் வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கால் முறிந்தவருக்கு ஹெல்மெட் இல்லாததால் என்ன வந்தது என்று உங்கள் வக்கீல் கேட்கலாம்.

இரண்டு வண்டிகள் மோதியதில் பயணியாகவோ பின்னிருக்கையிலோ இருந்தவர் அடிபட்டால் அவர் பக்கம் கழிவே கிடையாது. இரண்டில் எந்த வண்டி மீதும் முழுத் தொகையைக் கேட்கலாம்.

11. கூட்டிப் பாருங்கள்

அதே தையற்காரர்: சிகிச்சை 2,35,000, பிளேட் எடுக்க 60,000, ஆறு மாத வருமானம் 1,08,000, உதவியாளர் 30,000, சத்துணவு 20,000, போக்குவரத்து 15,000, வலிக்கு 75,000, வசதி இழப்புக்கு 75,000. கூட்டினால் 6,18,000. எதிர்கால வருமான இழப்பு 14,51,520 சேர்ந்தால் 20,69,520. சாலையின் நடுப்பகுதியில் வந்தார் என்று 10 சதவீதம் கழித்தால் 18,62,568.

இதற்கு மேல் மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்து வட்டி. 6 முதல் 9 சதவீதம் வரை தருவார்கள், தமிழ்நாட்டில் 7.5 அடிக்கடி வரும். மூன்று ஆண்டுக்கு 7.5 சதவீதத்தில் சுமார் 4,19,000. எதிர்கால மருத்துவச் செலவுக்குப் பல சமயம் வட்டி தருவதில்லை, அந்த அளவு குறையும்.

மனுவில் குறைத்துக் கேட்டுவிட்டோமே என்று சிலர் தவிப்பார்கள். நியாயமான தொகை கேட்டதைவிட அதிகம் என்றால் தீர்ப்பாயம் அதிகமாகவே தரலாம் என்று நாகப்பா வழக்கில் 2002இலேயே முடிவாகியிருக்கிறது.

12. சமரசத்துக்கு அழைத்தால்

இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு தொகையைச் சொல்லும், அல்லது வழக்கு மக்கள் நீதிமன்றத்துக்குப் போகும். போகும் முன் மேலே உள்ள கணக்கை ஒரு தாளில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் தலைப்பில் அவர்கள் குறைக்கிறார்கள் என்று கேளுங்கள். "மொத்தமா எட்டு லட்சம் வாங்கிக்கோங்க" என்பதற்கு, "வருமானம் எவ்வளவு வச்சிருக்கீங்க, ஊனம் எத்தனை சதவீதம் வச்சிருக்கீங்க" என்று திருப்பிக் கேட்டால் பேச்சு அந்த இடத்திலேயே மாறும்.

மூன்று நான்கு ஆண்டு காத்திருப்பதைவிடக் கொஞ்சம் குறைத்து இன்றே வாங்குவது பல குடும்பங்களுக்கு நல்லதுதான். கடன் வட்டி ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில் நானே அப்படிச் சொல்லியிருக்கிறேன். ஆனால் மக்கள் நீதிமன்றத்தில் போடும் கையெழுத்து இறுதியானது, அதற்கு மேல்முறையீடு கிடையாது. பிளேட் எடுக்கும் அறுவைச் சிகிச்சை பாக்கியிருந்தால் அதன் செலவும் அந்தத் தொகைக்குள் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்து.

தீர்ப்பு வந்தால், தொகை போதாது என்று தோன்றினால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும். வழக்கிலுள்ள தொகை ஒரு லட்சத்துக்குக் கீழ் என்றால் மேல்முறையீடு இல்லை. தீர்ப்பின் நகலை வாங்கிய அன்றே வருமானம், வளர்ச்சிச் சதவீதம், பெருக்கி, ஊனம், கழிவு ஆகிய ஐந்து வரிகளையும் உங்கள் தாளோடு ஒப்பிடுங்கள். தம்பியின் தீர்ப்பில் வளர்ச்சிச் சதவீதம் விடுபட்டிருந்ததை அப்படித்தான் கண்டுபிடித்தோம், எழுபத்தெட்டாம் நாளில்.